படகில் கேட்ட நட்சத்திரம்

எங்கள் பெரிய மாமாவுக்கும் உல்லாசப் பயணத்துக்கும் ஏழாம் பொருத்தம். விடுமுறை நாளில் காரைக் கழுவுவார், கோயில் கூட்டத்துக்குப் போவார், மீதி நேரம் தூங்குவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் பாயா ரும்புட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போட்டில் தீவுக்குப் போகிறோம், சாப்பாடு, வழிகாட்டி, நீச்சல் முகமூடி எல்லாவற்றுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாயிற்று என்று அறிவித்தார். அப்போதே யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் படவில்லை. எனக்கு ஒன்பது வயது. தீவு என்றால் நீலக் கடல், வெள்ளை மணல், இடுப்பில் என் நீச்சல் வளையம், அவ்வளவுதான்.

மாமாவின் திட்டம் முழுக்க என் சின்னம்மாவைப் பற்றியது. சின்னம்மா அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். டவுனில் ஓர் ஆபீஸில் வேலை, வயது முப்பத்திரண்டு. அதற்குள் நான்கு குடும்பங்கள் பெண் பார்க்க வந்து, கேசரியைச் சாப்பிட்டு, நல்ல பிள்ளை என்று வாயாரச் சொல்லிவிட்டுப் போயிருந்தன. போனவர்கள் போனவர்கள்தான். சின்னம்மாவிடம் குறை ஒன்றும் இல்லை. அவர் பிறந்த நட்சத்திரம் ஆயில்யம். ஆயில்யத்தில் பிறந்தவள் மருமகளாக வந்தால் மாமியார் உயிருக்கு ஆகாதாம். எந்த மாமியார் கேசரியை நம்பி உயிரைப் பணயம் வைப்பார்?

நான்காவது குடும்பம் போன அன்று சின்னம்மா தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அம்மாவிடம், "இனிமே எவன் வந்தாலும் நான் வந்து நிக்கமாட்டேன்க்கா" என்றார். குரலை உயர்த்தவில்லை.

வீட்டில் நிற்கமாட்டாள் என்றால் கடலில் உட்காரவைத்துவிடலாம் என்று மாமா முடிவு செய்தார். ஓடுகிற படகிலிருந்து எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொள்ள முடியாதல்லவா. லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து ஓர் அம்மாவும் அவருடைய ஒரே மகனும் அதே படகில் வருவார்கள், தற்செயலாகச் சந்தித்தது போலப் பேச்சைத் தொடங்கலாம் என்று ஏற்பாடு. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று காலையில் மாமா என்னைக் காருக்குப் பின்னால் தனியாக அழைத்துப்போய் ஒரே ஒரு வேலை கொடுத்தார்.

"யாராச்சும் சின்னம்மா நட்சத்திரம் என்னன்னு கேட்டா, பூசம்னு சொல்லணும். தெரியுதா? ஆயில்யத்துக்குப் பக்கத்து வீடுதான் பூசம். ஒரு வீடு தள்ளிச் சொன்னா ஒன்னும் ஆகாது லா. திரும்பி வந்ததும் படகு ஜெட்டியில ஐஸ்கிரீம்."

பெரியவர்கள் சொன்னால் விசாரிப்பார்கள், பிள்ளை சொன்னால் நம்பிவிடுவார்கள் என்பது மாமாவின் கணக்கு. நான் அந்தப் படகுத்துறை வரும்வரை பூசம், பூசம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூடப் பாடத்தைக்கூட அவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை.

வழிகாட்டி ஒரு மலாய் இளைஞர். எல்லாருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, தொலைவில் தெரிந்த பூலாவ் பெசார் தீவைக் காட்டி, ஒரு கர்ப்பிணி மல்லாந்து படுத்திருப்பதுபோல் இல்லையா என்று கேட்டார். லூபோக் சீனா அம்மா அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு மாமாவைப் பார்த்துத் தலையசைத்தார். மகனுக்குச் சகுனம் பார்க்க நேரமில்லை. முதல் அலையிலேயே அவர் முகம் பிளாஸ்டிக் பைக்குள் போய்விட்டது.

அந்த அம்மா சின்னம்மாவுக்கு முறுக்கு கொடுத்தார். எங்கே வேலை என்று கேட்டார். சமைப்பாயா என்று கேட்டார். நாள் முழுக்கக் காக்கவேண்டிய ரகசியத்தை அவரால் இருபது நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை.

"பாக்க லட்சணமா இருக்கியேம்மா. என்ன நட்சத்திரம்?"

தீவு பார்க்க வந்த யாரும் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்காத கேள்வி. சின்னம்மாவின் கையில் முறுக்கு அப்படியே நின்றது.

"பூசம்!" என்றார் மாமா.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? "பூசம்! எங்க சின்னம்மா பூச நட்சத்திரம்!" என்று இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். அந்த அம்மா பூரித்துப்போய் என் கன்னத்தைக் கிள்ளினார். சின்னம்மா திரும்பிப் பார்த்தார். மாமாவை அல்ல, என்னை. நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தீவுக் கரையில் இறங்கியதும் சின்னம்மா முகமூடியையும் மூச்சுக்குழாயையும் வாங்கி மாட்டிக்கொண்டு, சுடிதாரோடும் மிதவைச் சட்டையோடும் தண்ணீருக்குள் நடந்து, குப்புற மிதக்கத் தொடங்கினார். பத்து நிமிடம் ஆயிற்று. அரைமணி ஆயிற்று. எழுந்திருக்கவே இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அன்று பார்த்தது ஓர் ஆரஞ்சு முதுகையும் ஒரு குழாயையும்தான்.

மரத்தடியில் விரித்த பாயில் மாமா புழுவாய் நெளிந்தார். "புள்ளைக்கு மீனுன்னா உசுரு" என்றார். அந்த அம்மா, "எங்க வீட்டுலயும் வாரத்துல மூனு நாள் மீனுதான்" என்றார். மகன் மணலில் படுத்துவிட்டார். சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்த வழிகாட்டி, "கக்கா, மாக்கான்!" என்று, அக்கா சாப்பிட வாங்க என மலாயில் இரண்டு முறை கூப்பிட்டும் குழாய் அசையவில்லை. கடைசியில் மாமா என்னை அனுப்பினார்.

நீச்சல் வளையத்தோடு போய் நானும் முகமூடியை முகத்தில் அழுத்திக்கொண்டு எட்டிப் பார்த்தேன். எங்கள் நீரிணையின் தண்ணீர் டிக்கெட் படத்தில் இருந்தது போலவா இருக்கும்? பால் கலந்த தேநீர் நிறம். என் கையே எனக்குத் தெரியவில்லை. மீனாவது ஒன்றாவது.

"சின்னம்மா, மாமா சாப்பிடக் கூப்புடறாரு. இங்க என்ன பாக்கறீங்க?"

சின்னம்மா குழாயை வாயிலிருந்து எடுத்தார். "ஒன்னும் இல்ல."

"அப்புறம் ஏன் இங்கயே இருக்கீங்க?"

"இங்க யாரும் ஒன்னும் கேக்கமாட்டாங்க. நீ போய்ச் சாப்புடு. நான் கொஞ்சம் யோசிக்கணும்."

யோசிப்பதற்கு யாராவது இவ்வளவு தூரம் வருவார்களா என்று நினைத்துக்கொண்டு நான் கரைக்குத் திரும்பினேன்.

வழிகாட்டி விசில் ஊதிய பிறகுதான் சின்னம்மா எழுந்து வந்தார். கண்ணைச் சுற்றி முகமூடியின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. படகில் என் அம்மா தன் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தார். சின்னம்மா அங்கே உட்காரவில்லை. நேராகப் போய் லூபோக் சீனா அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஆன்ட்டி, எனக்குப் பூசம் இல்ல. ஆயில்யம். உங்களுக்கு முன்னாடி நாலு குடும்பம் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. பொய் சொல்லி உங்க வீட்டுக்கு வந்தேன்னா, நாளைக்கு உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட எனக்குத் தூக்கம் வராது. அதான் இங்கயே சொல்லிட்டேன்."

அந்த அம்மாவின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. இருந்த இடத்திலேயே கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். கொடுமைக்காரி என்று அவரைத் திட்ட எனக்கு இன்றும் மனம் வரவில்லை, பயந்த முகம் அது. மாமா அவசரமாகக் கடலின் அழகை ரசிக்கத் தொடங்கினார். மகன் மட்டும் பையிலிருந்து முகத்தை எடுத்து, முதன்முறையாகச் சின்னம்மாவை நன்றாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஓர் அலை வந்தது. முகம் மறுபடி பைக்குள் போய்விட்டது. என் அம்மா எழுந்து வந்து சின்னம்மாவின் ஈரத்தோளில் துண்டைப் போட்டு, கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

ஜெட்டியில் இறங்கியதும் அந்த அம்மா எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் மகனை இழுத்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார். மாமாவும் ஐஸ்கிரீம் கடையைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டினார். எனக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்து, சரியான நேரத்தில் சரியாகச் சொன்னவள் நான். எல்லாவற்றையும் கெடுத்தது சின்னம்மா. ஆனாலும் பெரியவர்களைக் குற்றம் சொல்லக்கூடாதே என்று சின்னம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, யாருக்கும் கேட்காமல் சொன்னேன்.

"சின்னம்மா, பூசம்னு சொல்லணும். மறந்துட்டீங்களா?"

சின்னம்மா நின்று என்னைப் பார்த்தார். பிறகு அங்கேயே பலகைத் தரையில் குந்திவிட்டார்.

"மறக்கறதா? என்னை எங்கடி மறக்க விட்டாங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சின்னம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பயணம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரலாமா என்று கேட்டேன்.