டார்ச் ஹெட்விக்

டார்ச்சை யார் முகத்திலும் அடிக்கமாட்டாள், தரையில்தான் அடிப்பாள். கடைசி வரிசைக்குப் போகுமுன் இரண்டு தரம் இருமுவாள். அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் ஜோடிகள் விலகி உட்கார அவகாசம் வேண்டுமே. "வீட்ல கரி இல்ல. குளிருக்கு எங்கதான் போவும், பாவம்" என்பாள். ஜெர்மனியில் கொலோன் நகரத்து எங்கள் தியேட்டரில் இடம் காட்டுகிறவள் ஹெட்விக். நான் மேலே படம் ஓட்டுகிறவன்.

நாற்பதை ஒட்டிய வயது. கழுத்துவரை பொத்தான் போட்ட நீலச் சட்டை. சிகரெட் பிடிக்கமாட்டாள், ஆனால் யார் நீட்டினாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வாள். யுத்தம் முடிந்த புதிதில் இங்கே சிகரெட்தான் காசு; அந்தப் பழக்கம் அவளை இன்னும் விடவில்லை. நான் பற்றவைத்தால், "காச யாராவது கொளுத்துவாங்களா?" என்று திட்டு விழும்.

யுத்தம் முடிந்து வந்த கொடுங்குளிர் வருஷத்தில் அவள் வாசலில், ஊரைப் பிடித்திருந்த இங்கிலீஷ் படையின் சிப்பாய் ஒருவனின் ஜீப் நிற்கும். மகளுக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. ஜீப் வந்த நாளெல்லாம் அடுப்பு எரிந்தது. தெருவுக்கே தெரியும். ரஷ்யாவில் யுத்தக் கைதியாக இருந்துவிட்டு இரண்டு வருஷம் முன்பு திரும்பிய புருஷன் லாம்பெர்ட்டுக்கு மட்டும் தெரியாது. தெருவும் வாயைத் திறக்கவில்லை; திறந்தால் எத்தனை வீட்டுக் கதை வெளியே வரும்! தெரிந்தால் அவன் போய்விடுவான் என்பதுதான் ஹெட்விக்கின் பயம்.

இப்போது ஓடும் படத்திலும் ஒருத்தி பிள்ளையைக் காப்பாற்றத் தன்னை விற்கிறாள். கட்டிலில் அவள் வெற்று முதுகு ஒரு கணம் தெரியும். கடைசியில் ஆற்றில் குதித்துவிடுவாள். இந்தக் காலத்துப் படங்களில் அப்படிப்பட்டவள் உயிரோடு வீடு திரும்பி நான் பார்த்ததில்லை. கீழே ஜனம் மூக்கைச் சிந்தும்போது ஹெட்விக் படியேறி என் அறைக்கு வந்துவிடுவாள்.

"இவ எதுக்குக் குதிக்கிறா? காலைல அந்தப் புள்ளைக்கு யாரு சூப்பு வெச்சுக் குடுப்பா?"

பாதிரியாருக்குப் படத்தில் அவள் செத்ததும் போதவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்ததும், இந்த மாதிரிப் படத்தைப் பார்க்கமாட்டோம், இந்த மாதிரிப் பெண்ணுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை என்று எல்லாரும் எழுந்து சத்தியம் செய்யச் சொன்னார். கோயில் மொத்தமும் எழுந்தது. சாயங்காலம் அதே படத்தை ஓட்டவேண்டிய நானும் வெட்கமில்லாமல் கையைத் தூக்கினேன். எனக்கு முன்வரிசையில் லாம்பெர்ட் கை தூக்கி நின்றான். பக்கத்தில் ஹெட்விக் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிடி. எல்லாரும் பாக்கறாங்க."

அவள் அசையவில்லை. அவன் தூக்கிய கையை இறக்காமலே குனிந்தான்.

"காலு வலிக்குதா?" குரல் கெஞ்சியது.

ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"காலு நல்லாத்தான் இருக்கு" என்றாள், எங்கள் வரிசைக்கும் கேட்கும்படி. அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தாள்.