சொந்த வாசல் வழியே ஒரு பாதை

ஜெயசீலி போய்விட்டார் என்று எங்கள் ஜீப் டிரைவர் போனில் சொன்னபோது நான் உத்தமபாளையம் பஸ்ஸில் இருந்தேன். மூளையில் ரத்தக்கசிவு. “காலையில நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாக” என்றார். நான் பஸ்ஸிலேயே அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார்.

கூடலூர்ப் பக்கம் பெரிய தண்ணீர்க் குழாய் வேலை நடந்த காலம் அது. வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று கதிர்வீச்சால் படம் எடுப்பது என் வேலை. அதற்கான கதிர்ப்பொருள் கனத்த ஈயப் பெட்டிக்குள் மதுரையிலிருந்து ஜீப்பில் வரும். எந்த வழியாக வந்தால் ஆபத்து குறைவு என்று ஆராய்ந்து பாதை போடுபவர் எங்கள் பாதுகாப்பு அதிகாரி ஜெயசீலி. பெட்டியில் ஒட்டியிருந்த மூன்று இதழ் கதிர்வீச்சு அடையாளத்தைப் பார்த்துச் சனங்கள் அதை ‘ஃபேன் வண்டி’ என்பார்கள். அவரும் சிரிப்பார்.

“ஓடுற வண்டியப் பத்தி எனக்குக் கவலையில்ல. இங்கன நின்னுபோச்சுன்னா பக்கத்துல யாரு நிப்பாக?” ஒவ்வொரு தெருவிலும் இறங்கி நின்று இதைத்தான் கேட்பார். கம்பம் கடைவீதியில் நின்று பார்த்தார். சந்தைக் கூட்டம், பள்ளிக்கூடம், ஈயம் கிடைக்காதா என்று அலையும் பழைய இரும்புக்காரர்கள். கம்பம் வேண்டாம் என்றார். கம்பத்துக்காரனான எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. மாற்றுப் பாதை ராயப்பன்பட்டி வழியாக. அது அவர் பிறந்த ஊர். ஜீப் போகவேண்டியது அவர் அம்மாவின் வாசலை உரசிக்கொண்டு.

ஊர் சும்மா விடுமா? “கம்பத்துக்காரவுக உசிரு வெல்லக்கட்டி, நம்ம உசிரு கருவேப்பிலையா?” என்று சொந்தச் சித்தப்பாவே கோயில் முன்னால் வைத்துக் கேட்டார். வண்டி வரும் நாளைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது, திருடனுக்குத் தெரிந்துவிடும் என்றார் எங்கள் மேனேஜர். ஜெயசீலி இரண்டு பக்கமும் அடிவாங்கும் மத்தளமானார். “என்னைக்கு வரும்னு சொல்ல மாட்டேன் சித்தப்பா. நின்னுபோனா நீங்க என்ன செய்யணும்னு மட்டும் சொல்லிருதேன்” என்று வீடுவீடாகப் போனார். பாதி வீடுகளில் கதவு திறக்கவில்லை. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குப் பலகாரமும் வரவில்லை. அது அவரை ரொம்ப வருத்தியது.

ஒருநாள் ஆக்சில் முறிந்து ஜீப் நின்றேவிட்டது. வேறெங்கும் இல்லை, அவர் அம்மா வீட்டு வாசலில்! அளவுக்கருவி ஆபத்தில்லை என்றுதான் காட்டியது. ஆனாலும் நெடுநேரம் நின்றால் சுற்றிலும் கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்துவது முறை. கூடவே வந்த ஜெயசீலி முதலில் தன் அம்மாவைத்தான் வெளியேற்றினார்.

“எங்க வாசல்ல நான் நிக்கக்கூடாதாடி?”

“பெட்டிகிட்ட வராதம்மா. கயித்துக்கு அங்கிட்டுப் போ.”

மாற்று வண்டி வரும்வரை வெயிலில் காவல் நின்றார். ஊர்க்காரர்கள் அவர் சொல்லிக்கொடுத்தபடியே தள்ளி நின்று பார்த்தார்கள். கடைசியில் கயிற்றுக்கு மேலே எட்டி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டியவர் அதே சித்தப்பா.

பெட்டிதான் அவரைக் கொன்றது என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசாதீர்கள். அவர் சட்டையில் குத்தியிருந்த, கதிர்வீச்சை அளக்கும் வில்லை ஒருநாளும் வரம்பைத் தாண்டியதில்லை.

அடக்கத்துக்கு முன் சவப்பெட்டியை வாசலில், ஜீப் நின்ற அதே இடத்தில் வைத்திருந்தார்கள். அம்மா கொஞ்சம் தள்ளியே நின்றார். என்னைப் பார்த்ததும் மெல்லக் கேட்டார்: “தம்பி, இந்தப் பெட்டிகிட்ட நான் நிக்கலாம்ல?”

“நிக்கலாம்மா” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்தக் கேள்விதான். எந்தத் தெருவில் நடந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்: இங்கன நின்னுபோச்சுன்னா பக்கத்துல யாரு நிப்பாக? அடக்கத்தன்று அந்த வாசலில் நிமிர்ந்து பார்த்தேன். ராயப்பன்பட்டியே நின்றது.