சாலைக் கம்போளத்தில் ஸ்பீக்கர் வாங்கப் போனது

ஒன்றரை வயதாகியும் என் பெண் கூப்பிட்டால் திரும்பவில்லை. விளையாட்டுக் கவனம் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பாத்திரங்களைத் தட்ட ஆரம்பித்தேன். சில நாள் திரும்புவாள், சில நாள் மாட்டாள். திரும்பிய நாளில், என் நிழலைப் பார்த்துத்தான் திரும்பினாளோ என்று யோசிப்பேன்.

டாக்டரிடம் காட்டலாம் என்றால் என் கணவர், "கோவில்ல வெடிவழிபாடுன்னு வேட்டுப் போட்டப்போ தூக்கிவாரிப் போட்டு அழுதாளே, காது கேக்காமலா? சும்மா இருடீ. எங்காத்துல எல்லாரும் லேட்டாத்தான் பேசியிருக்கா" என்பார். அவரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு ஸ்பீக்கர் பித்து. தானே செய்த வால்வு ஆம்ப்ளிஃபயருக்குச் சக்தி குறைவு. புது மாதிரி ஸ்பீக்கரை மாட்டினால் பாட்டு முணுமுணுப்பாகத்தான் வந்தது. பழைய சினிமாக் கொட்டகை ஸ்பீக்கர்கள் கொஞ்சம் கரண்டிலேயே வீடு அதிரப் பாடும், விலையும் மலிவு என்று ஆபீஸில் யாரோ சொல்லிவிட்டார்கள். சாலைக் கம்போளக் கடைவீதியில் பழைய மைக் செட் சாமான் விற்கும் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். "நீ பாட்டு கத்துண்டவ. எது சுத்தமாப் பாடறதுன்னு சொல்லு." குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்து ஆள். இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, திருவிழாவில் கட்டும் தகரக் குழல் ஹாரன். மற்றது இடுப்பளவு உயர மரப்பெட்டி. முன்பக்கம் துணி, உள்ளே பெரிய காகிதக் கோன். நாங்கள் கொண்டுபோன ஆம்ப்ளிஃபயரிலேயே மாட்டி, வாய்ப்பாட்டு இசைத்தட்டு ஒன்றைப் போட்டார்.

ஹாரன் பாடியதும் பக்கத்துக் கடையில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தவர், "எடோ, செவி பொட்டுமல்லோ!" என்று காதைப் பொத்திக்கொண்டு மலையாளத்தில் கத்தினார்.

"ஓசிக் கச்சேரிதானே, பேசாம கேளும் ஓய்" என்றார் கடைக்காரர்.

என் கணவர் சிரித்தார். ஒவ்வொரு சொல்லும் அவ்வளவு தெளிவு. என் பெண் அந்தக் குழலுக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். கண்கூட இமைக்கவில்லை. அவர் கவனிக்கவில்லை. பிஸ்கட் ருசியில் இருக்கிறாள் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்தது பெட்டி. அதில் குரல் மங்கல். மிருதங்கம் மட்டும் நெஞ்சில் இடித்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குழந்தை தத்தித் தத்திப் போய் அந்தத் துணியில் உள்ளங்கையை வைத்தாள். மிருதங்கம் இடிக்க இடிக்க, உரக்கச் சிரித்தாள்.

"பாத்தியா! கேக்கறதுடீ அவளுக்கு!" அவர் குரல் உடைந்தது. இத்தனை நாள் அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்படியே விட்டிருக்கலாம். ஒரு ராத்திரியாவது அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். என்னால் முடியவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பாட்டு நிற்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. எங்கே போயிற்று என்பதுபோல் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னும் சத்தமா வைங்கோ" என்றார் இவர்.

"இதுக்கு மேல கூட்டினா கோன் கிழிஞ்சிரும் சாரே."

"பரவாயில்லே. வைங்கோ."

வைத்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். குழந்தை என் தாலிச்சரட்டை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

எது வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். இவர் பெட்டியின் துணியில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு, "பெட்டி" என்றார்.

"பாட்டுக்கு ஹாரன்தான் தெளிவு, கேட்டோ. பிறவு வந்து என்னைய குறை சொல்லப்பிடாது."

"பெட்டிதான்."

மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் வந்தார். அங்கே சொன்னது எங்கள் இருவருக்குமே புதிதாக இல்லை.

வாய்ப்பாட்டுக்கு உயிரை விடுகிறவர், இப்போது தவில் இசைத்தட்டுகளாகத் தேடி வாங்கி வருகிறார். சாயங்காலம் வந்ததும் ஒன்றைப் போடுவார். அவள் பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். அவர் அவள் பக்கவாட்டில், அவள் பார்வை படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, மெதுவாக அவள் பெயரைக் கூப்பிடுவார். நான் சமையலறையிலிருந்து வெளியே வராமல் நின்றுகொள்வேன்.