உத்தமபாளையத்தில் எது புதுப் பாலம்?

மார்ச் மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு கோப்பைப் படம் போட்டிருந்தேன். தேனி தனி மாவட்டமான மறுவருடம், 1997-ல், எங்கள் பள்ளி பேண்ட் குழு மாவட்டப் போட்டியில் வாங்கிய கோப்பை. முப்பது பேருக்கு மேல் வாழ்த்தியிருந்தீர்கள். ஒருவர், அந்தப் பக்கத்துப் பாலங்களைப் பற்றி எழுதுங்கள், குடும்பத்தோடு போகலாம் என்றிருக்கிறோம் என்று கேட்டிருந்தார். அந்தக் கோப்பை நாங்கள் வாசித்து வாங்கியதில்லை. நான் ஒரு பையனை ஏமாற்றியதால் கிடைத்தது. அதை அவனிடமே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை 6.10-க்குத் தேனி பஸ். 76 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். தேனியில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு 8.40-க்குக் கம்பம் பஸ் ஏறினேன். இடப்பக்க ஜன்னல் ஓரம் உட்கார ஆசைப்படாதீர்கள், காலை வெயில் மூஞ்சியில் அடிக்கும். வழி நெடுக வயலும் தென்னையுமாகப் பச்சைதான். ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை.

முதலில் நான் படித்த சின்னமனூரில் இறங்கி ஆட்டோ பிடித்து மார்க்கையன்கோட்டைப் பாலத்துக்குப் போனேன். போய் வர நூறு ரூபாய் கேட்டார், எண்பதுக்கு வந்தார். இந்தப் பாலத்தில்தான் எங்கள் சண்டையெல்லாம். சுதந்திர தின ஊர்வலத்துக்கு எங்கள் பள்ளியும் உத்தமபாளையம் பள்ளியும் ஆளுக்கொரு கரையிலிருந்து அடித்துக்கொண்டு வருவோம். நடுப்பாலத்தில் இரண்டு குழுவும் உரசிக்கொண்டு கடக்க வேண்டும். கடக்கும்போது எந்தக் குழுவின் தாளம் தவறுகிறதோ அந்தக் குழு தோற்றது. மறுநாள் முதல் அவர்களுக்குத் 'தகர டப்பா' என்று பெயர். அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் அந்தப் பெயர் போகாது.

நான் பெரிய டிரம். மூன்று வருடமும் தாளம் தவறியது நாங்கள்தான். காரணம் அவர்களுடைய யூசுப். 97-ல் பத்தாவது படித்த, ஒல்லியான, சட்டைக் காலர் கிழிந்த பையன். அவன் பியூகிளைத் தூக்கி ஊதினால் கீழே ஓடுகிற தண்ணீரில் பட்டு அது இரண்டாகத் திரும்பி வரும். கேட்டுக்கொண்டே நின்றுவிடுவோம், கை நின்றுவிடும். அவனை நான் வெறுத்தேன். வேறு சொல் போட்டு மழுப்ப விரும்பவில்லை.

இப்போது பாலத்தில் ஒரு டிராக்டர் போனது, இரண்டு பேர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் நின்றேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மாவட்டப் போட்டிக்கு இரண்டு பள்ளிக்கும் சேர்த்து ஒரே வேன். கம்பத்திலிருந்து வந்து முதலில் உத்தமபாளையம், பிறகு நாங்கள், அப்புறம் தேனி. முந்தின நாள் எங்கள் பி.டி. வாத்தியார் என்னை உத்தமபாளையம் பள்ளிக்கு அனுப்பினார்: "காலையில ஆறரைக்குப் புதுப் பாலத்துல நிக்கச் சொல்லிட்டு வாடா." அவர் சொன்னது அந்த ஊர் மெயின்ரோட்டு வாய்க்கால் பாலம். அப்போதுதான் இடித்துக் கட்டியிருந்தார்கள், பஸ்காரர்கள் எல்லோரும் அதைப் புதுப் பாலம் என்றார்கள்.

ஆனால் உத்தமபாளையத்துக்காரர்களுக்குப் புதுப் பாலம் என்றால் ஆற்றுப் பாலம். அது எங்கள் அப்பாக்கள் பிறப்பதற்கு முன்னால் கட்டியது. அதற்கும் முன்னால் ஒன்று இருந்ததாம், அதனால் இது புதுசு. எங்கள் பக்கத்தில் ஒரு முறை புதுப் பாலம் என்று பெயர் விழுந்துவிட்டால், கைப்பிடிச் சுவர் பெயர்ந்து விழுந்தாலும் அது புதுப் பாலம்தான். வாத்தியார் மதுரைக்காரர், அவருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். என் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர் அது.

பள்ளி வாசலில் யூசுப்தான் நின்றான். வாத்தியார் சொன்னதை எழுத்து மாறாமல் சொன்னேன். "புதுப் பாலந்தானே? மாறாதுல்ல?" என்று கேட்டான். "மாறாது" என்றேன்.

மறுநாள் வேன் வாய்க்கால் பாலத்தில் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டது. அவர்கள் பதினெட்டுப் பேர் வெள்ளைச் சட்டையும் டிரம்முமாக ஆற்றுப் பாலத்தில் நின்றிருந்தார்கள். எதிரே வேறு நல்ல குழுவே இல்லை. நாங்கள் ஜெயித்தோம்.

உத்தமபாளையத்தில் இறங்கும்போது மணி 11.15. யூசுப் கோர்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஆட்டோவில் ஏறி, "யூசுப் ஜெராக்ஸ்" என்றேன். டிரைவர் முழித்தார்.

"எந்த யூசுப்புண்ணே? புதுப்பாலம் ஜெராக்ஸா?"

"கடை பாலத்துப் பக்கமா இருக்கு?"

"அட, கோர்ட்டுக்கு எதுத்தாப்புல இருக்குண்ணே. அந்தாளு பேரே புதுப்பாலந்தேன். ஸ்கூல்ல படிக்கையில ஏதோ பாலத்த மாத்திச் சொல்லி, மொத்தப் பேரையும் வெயில்ல காய விட்டாராம். அதுலருந்து அந்தப் பேரே ஒட்டிக்கிருச்சு."

முப்பது ரூபாய் கேட்டார். ஐம்பதைக் கொடுத்துவிட்டு மிச்சம் வாங்காமல் இறங்கினேன்.

யூசுப்புக்கு முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "எத்தன காப்பி சார்?" என்றான். பெயரையும் பெரிய டிரம்மையும் சொன்னேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "ஏலே, நீயா! உக்காரு. டீ சொல்லவா?"

டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன். டீ வந்துவிட்டால் சொல்லமாட்டேன் என்று எனக்கு என்னைத் தெரியும்.

கேட்டுவிட்டு மிஷினை அணைத்தான். "தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"தெரிஞ்சேதான்."

"வேன் வாய்க்காப் பாலத்துல நின்னுச்சுன்னு தெரிஞ்சதும் எங்க சார் பியூகிளப் புடுங்கிட்டாக. காதுல சரியா வாங்காதவன் எதுக்கு ஊதணும்னு கேட்டாக. நான் ஒன்னத் திட்டல, தெரியுமா? நாந்தேன் தப்பா வெளங்கிக்கிட்டேன்னு நெனச்சேன். என் கல்யாணத்துல மைக்கில புதுப்பாலம்னு இந்தப் பேரச் சொல்லித்தான் வாழ்த்துனாக. எம் பொண்டாட்டி, என்னங்க இதுன்னு கேட்டா. என்ன சொல்ல?"

மன்னிப்புக் கேட்டேன். அவன் எழுந்து வாசலுக்குப் போனான். வெளியே எட்டிப் பார்த்து, "ராஜாங்கம், இங்கன வா" என்று கூப்பிட்டான். ராஜாங்கம் அந்தக் காலத்து அவர்கள் குழுத் தலைவன், இப்போது வக்கீல் குமாஸ்தா. கையில் கட்டுக் கட்டாகக் காகிதத்தோடு வந்தான்.

"எங்கிட்டச் சொன்னத இவங்கிட்டச் சொல்லு" என்றான் யூசுப். அவன் கேட்டது அது ஒன்றுதான்.

சொன்னேன். ராஜாங்கம் முழுக்கக் கேட்டான். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"அடப் பாவி, பதிமூணு வருசமா எங்கள ஏமாத்திட்டியே! சரி, அறியாத வயசு." காகிதக் கட்டை மேஜையில் வைத்தான். "பழைய கதைய விடப்பா, புதுப்பாலம். இதுல மூணு மூணு காப்பி போடு. பன்னெண்டு மணிக்குள்ள வேணும்."

யூசுப் கட்டை எடுத்துக்கொண்டான். மிஷினைப் போட்டான். நான் டீயைக் குடிக்காமல் எழுந்தேன், அவன் நிமிரவில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். என் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். அவனுக்கு அது கூடித்தான் போனது. அதுவரை தன் தப்பு என்று சமாதானமாக இருந்தவன், இனி செய்யாத தப்பின் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தே திரும்பிப் பார்க்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: பாலம் பார்க்க டிசம்பர், ஜனவரி நல்லது, வெயில் இருக்காது. தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் ஆற்றில் குழந்தைகளை இறக்காதீர்கள். ஓடைப்பட்டி திராட்சை வாங்குவதென்றால் தோட்டத்திலேயே வாங்குங்கள். உத்தமபாளையத்தில் புதுப் பாலம் என்று வழி கேட்காதீர்கள், ஆற்றுப் பாலம் அல்லது வாய்க்கால் பாலம் என்று தெளிவாகக் கேளுங்கள். ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருந்தால் கோர்ட்டுக்கு எதிரே யூசுப் கடை எது என்று விசாரியுங்கள். உடனே யாருக்கும் புரியாது. அவர்களாக அந்த இன்னொரு பெயரை எடுத்துக் கொடுப்பார்கள். தலையாட்டிவிடாதீர்கள். யூசுப் கடை என்றே திரும்பக் கேளுங்கள்.