நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்

கூட்டமான ஓட்டலில் இடம் கிடைக்காதபோது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பது ஒரு கலை. நம்மில் பலர் அதைக் கூச்சத்தோடு செய்கிறோம். கூரையைப் பார்க்கிறோம், போனைத் தடவுகிறோம், ஏதோ வழிதவறி அங்கே வந்துவிட்டதுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறோம். கொக்கு அப்படியில்லை. அவர் நின்றால் நின்றதுதான்.

கொக்கு என்பது மச்சினன் வைத்த பெயர். ஆள் ஒல்லி, நெட்டை, கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும். ஒரு காலில் பாரத்தைப் போட்டு மறு காலை லேசாக மடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அசையாமல் நிற்பார். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று இருபத்தாறு வருஷமாக எழுதி எழுதி, எந்த மனிதன் எப்போது கிளம்புவான் என்பதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஓட்டல் வாசலில் நின்றபடியே ஒரு தடவை கண்ணை ஓட்டிவிட்டு மச்சினனிடம் சொல்வார்:

"மூலையில பச்சைச் சட்டை, ஆறு நிமிஷம். ஜன்னல் பக்கத்து ஜோடிய நம்பாதே, அவங்க சாப்பிட வரலை, சண்டை போட வந்திருக்காங்க. அதோ, குழந்தைக்கு வாய் துடைச்சு விடறாங்க பாரு, அங்க போய் நில்லு."

வாய் துடைத்த குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு அழுத ஒரே ஒரு முறைதான் அவர் கணிப்பு தவறியிருக்கிறது. அந்தக் குழந்தையை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

மனைவிக்கும் மகளுக்கும் இதில் அவமானம் தாங்காது. அவர் நிற்கும்போது, யாரோ எவரோ என்று கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்பார்கள். இடம் கிடைத்ததும் முதலில் ஓடிவந்து உட்காருவதும் அவர்கள்தான்.

இப்படிப்பட்டவரின் மகள் ஒரு பையனைப் பார்த்து வைத்திருந்தாள். பையனின் அம்மாவுக்கு முழுச் சம்மதம். அப்பா மட்டும், "பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா அவ அப்பா எப்படிப்பட்ட மனுஷன்னு நேர்ல பாக்காம நான் தலையாட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, ஓட்டலில், இரண்டு குடும்பமும் சந்திப்பதாக ஏற்பாடு. அதுவரை பேசிக்கொண்டதெல்லாம் அம்மாக்கள்தான், அதுவும் போனில்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாளாவது யார் பின்னாலயும் போய் நிக்காதீங்க. ப்ளீஸ்."

"நான் ஏம்மா நிக்கப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

சொன்னவர், பன்னிரண்டரைக்கே தனியாகப் போய்ச் சேர்ந்தார். சும்மா பார்த்துவிட்டு வரத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஓட்டலில் முன்பதிவு கிடையாது. ஆறு பேர் உட்காரும் மேஜை கூடத்தில் ஒன்றே ஒன்று. அதில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மீதி நான்கு நாற்காலிகளில் ஒரு கைப்பை, ஒரு குடை, ஒரு செய்தித்தாள், ஒரு கண்ணாடிக் கூடு.

அவர்கள் யார் என்பதை வாசகருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பையனைப் பெற்றவர்கள்தான். இரண்டு குடும்பத்துக்கும் இடம் பிடிக்க வேண்டுமே என்று பன்னிரண்டுக்கே வந்தவர்கள். பெரியவர் ஆவணக் காப்பகத்தில் முப்பது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர். எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும் என்பதற்காகவே இரண்டு பதவி உயர்வுகளை வேண்டாம் என்றவர். நின்றே ஜெயித்தவரும் உட்கார்ந்தே ஜெயித்தவரும் மோதினால் என்ன ஆகும்?

மகளுக்காகத்தானே என்று கொக்கு வாக்கை மீறினார். பெரியவரின் நாற்காலி முதுகில் கையை வைத்தார். ஒரு காலை மடித்தார்.

"சார், முடிஞ்சுதா?"

"இப்பத்தான் சூப்பே வந்திருக்கு."

"ரெண்டு பேருக்கு ஆறு நாற்காலியா?"

"வேண்டியவங்க வர்றாங்க."

இந்த வாக்கியத்தைக் கொக்கு எத்தனையோ ஓட்டல்களில் கேட்டிருக்கிறார். அந்த வேண்டியவர்கள் வந்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

"எல்லாருக்கும் வேண்டியவங்க வருவாங்க சார். அவங்க வர்றதுக்குள்ள நாங்க சாப்பிட்டே எழுந்திருச்சிருவோம்."

அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "இப்படி பின்னால நின்னா தொண்டையில எப்படிங்க இறங்கும்?"

"நீங்க பாட்டுக்குக் குடிங்கம்மா. நான் உங்களைப் பாக்கலை, சூப்பைத்தான் பாக்கறேன்."

பெரியவர் சர்வரைக் கூப்பிட்டார். "இன்னொரு சூப். அவசரமே இல்லை. நல்லா கொதிக்க வச்சு எடுத்துட்டு வாங்க."

கொக்கு பெருமூச்சு விட்டார். அவருடைய பெருமூச்சு நேராகப் பிடரியில் போய் இறங்கும். பெரியவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மனைவியிடம், ஊருக்கே கேட்கும்படி ரகசியம் சொன்னார்: "இந்த மாதிரி ஆள் வீட்டுல ஒரு பொண்ணு இருந்தா எவன் கட்டுவான்?"

"இவருக்கு மருமகளா வரப்போறவ என்ன பாவம் பண்ணுனாளோ!" என்றார் கொக்கு, கூரையிடம்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மனைவியும் மகளும்.

"அப்பா!" என்றாள் மகள். அடுத்த மூச்சிலேயே, குரல் உள்ளே போய், "அங்கிள்..."

கொக்கின் மடங்கிய கால் தரைக்கு வந்தது. நாற்காலியில் இருந்த கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. எடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. எடுக்காவிட்டால் இன்னும் செய்துகொண்டிருக்கிற மாதிரி.

"இவர்தான் உங்கப்பாவா?"

"ஆமா அங்கிள்."

"நல்லா பாத்தாச்சு." பெரியவர் குடையை எடுத்தார், கண்ணாடிக் கூட்டைப் பையில் போட்டார். "கிளம்பு, போலாம்" என்று மனைவியிடம் சொல்லி, மேஜையில் கையை ஊன்றினார். பதவி உயர்வுக்கே எழாதவர் பாதி எழுந்துவிட்டார். மகளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கொக்குக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒருவர் எழுந்திருப்பது பிடிக்கவில்லை.

"சார், எழுந்திருக்கிறீங்களா?"

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டம்போட்ட சட்டை. கூடவே மனைவி, மூன்று பிள்ளைகள். கை ஏற்கெனவே நாற்காலியில் இருந்தது.

"இல்லை!" என்றார் பெரியவர். தொப்பென்று உட்கார்ந்தார்.

"இல்லை!" என்றார் கொக்கு. குடை இருந்த இடத்தில் அவரும் உட்கார்ந்துவிட்டார். கைப்பையையும் செய்தித்தாளையும் மேஜைமேல் தூக்கி வைத்துவிட்டு, மனைவியையும் மகளையும் இழுத்து அந்த நாற்காலிகளில் அமர்த்தினார். கண்ணாடிக் கூடு இருந்த இடம் மட்டும் காலி. கட்டம்போட்ட சட்டை அதை ஆசையாகப் பார்த்தது. பெரியவர் சட்டென்று கைப்பையை அதில் வைத்தார். "பையன் வண்டியை நிறுத்திட்டு வந்துக்கிட்டே இருக்கான்."

அந்த ஆள் நகரவில்லை. பெரியவரின் பிடரிக்கு அன்றைய இரண்டாவது பெருமூச்சு வந்தது. அவர் உதடு அசையாமல் பேசினார்.

"சம்பந்தி, திரும்பிப் பாக்காதீங்க. கண்ணைக் கொடுத்தா இடம் போச்சு."

அம்மாக்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் அப்பாவின் கையை மேஜைக்கடியில் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கே சொல்றீங்களா சம்பந்தி?" என்றார் கொக்கு. "சின்னவன் அம்மா முந்தானையைக் கடிக்க ஆரம்பிச்சாச்சு. பத்து நிமிஷத்துக்கு மேல தாங்க மாட்டாங்க."

"பத்து நிமிஷம் என்ன, சாயந்திரம் வரைக்கும் இருப்போம்."

சர்வர் வந்து, என்ன வேண்டும் என்று கேட்டார்.

"கல்யாணத் தேதியைப் பேசிட்டுச் சொல்றோம்," என்றார் பெரியவர். "நீங்க போய் அந்த சூப்பைக் கவனிங்க."