கன்னம் பதிந்த துப்பாக்கிக் கட்டை

துப்பாக்கிக் கடையில் வேலை என்றதும் ஊரில் என்னைக் கண்டு பயந்தார்கள். நான் பார்த்ததென்னவோ மரக்கட்டைக்கு எண்ணெய் தேய்க்கிற வேலை. எழுபதுகளின் கடைசியில், டெல்லி காஷ்மீரி கேட் பக்கம் ஒரு சின்னக் கடை. எத்தனை சோப்புப் போட்டும் எண்ணெய் வாசம் போகாத கையால் சோறு தின்ற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

உள்ளங்கைச் சூடு

துப்பாக்கியில் தோளில் முட்டுக் கொடுக்கிற பகுதி வால்நட் மரம். அதைக் கறுப்பாக்க ஆளிவிதை எண்ணெய்தான். ஒரு சொட்டு விட்டு உள்ளங்கை சுடும்வரை தேய்க்க வேண்டும். காயவிட்டு, மறுநாள் இன்னொரு சொட்டு. ஒரு மாதம் இப்படிக் கெஞ்சினால் மரம் மனசு இரங்கிக் கொஞ்சம் கறுக்கும். வருகிறவர்களுக்கோ எல்லாம் ஜல்தி. நாலாம் நாளே வந்து நின்ற ஒரு கான்ட்ராக்டர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் பூட்ஸுக்குப் பாலிஷ் போடறவன் அஞ்சு நிமிஷத்துல இதைவிடக் கறுப்பாக்கிடுவான், பையா."

ஒரே ஒரு நிபந்தனை

ஒரு மே மாதம் ஓர் அம்மாள் வந்தார். கணவர் பட்டாளத்தில் இருந்து காலமானவர். மகனுடைய கல்யாண ஊர்வலத்தில் அப்பாவின் துப்பாக்கியும் போக வேண்டுமாம். கட்டை முழுக்க வெளுத்துக் கிடந்தது. ஒரே ஓர் இடம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, கன்னங்கரேலென்று இருந்தது. குறி பார்க்கும்போது அவர் கன்னம் வைத்த இடம். முப்பது வருஷத்து வியர்வையும் தலை எண்ணெயும் அங்கே ஊறி, விரல் வைத்தாலே தெரிகிற ஒரு படலமாகியிருந்தன. மற்ற இடமெல்லாம் அந்த நிறத்துக்கு வர வேண்டும் என்றார். போகும்போது வாசலிலிருந்து திரும்பி வந்தார். "இந்த இடத்தை மட்டும் தொடாதே பேட்டா, இங்கேதான் அவர் இருக்கார்."

நல்லெண்ணெய்

முதல் வாரமே ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துவிட்டது. எண்ணெய்க்காரன் ஊருக்குப் போயிருந்தான். காத்திருந்திருக்கலாம். ஆனால் தலையிலிருந்து கதவுக் கீல் வரைக்கும் நல்லெண்ணெய் தேய்த்தே வளர்ந்த ஜாதி நாம்; கை சும்மா இருக்குமா? கிட்வாய் நகர் வீட்டில், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய புது பாட்டில் இருந்தது. ஐந்து நாள் தாராளமாகத் தேய்த்தேன்.

அது காயவே இல்லை. வெயிலில் இளகி, நான் தொடாமல் காத்த அந்தக் கறுப்பு இடத்திலும் பரவிவிட்டது. டெல்லிப் புழுதி மொத்தமும் அதில் ஒட்டிக்கொண்டது. அழாத குறையாக வீட்டில் சொன்னேன். என் மனைவி கோமதி காலி பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாள். "துப்பாக்கிக்கு எண்ணெய் ஸ்நானம் ஆச்சு. இனி தோசைக்கு நான் எங்கே போறது?"

கந்தல் துணி

பெயிண்ட் கரைக்கிற டர்ப்பன்டைனில் துணியை நனைத்துத் துடைத்தேன். கன்னம் வைத்த இடத்தைக் கடைசிக்கு ஒதுக்கி, மேல் புழுதியை மட்டும் எடுப்போம் என்று பூப்போலத்தான் ஒற்றினேன். கறுப்பு அப்படியே துணியோடு வந்துவிட்டது. கீழே வெளுத்த மரம். முதலாளி லாலாஜி வந்து பார்த்தார். திட்டக்கூட இல்லை. "எல்லாத்தையும் ஒரே கறுப்பாத் தேய்ச்சிடு. கறுப்புக்குள்ள கறுப்பு யாருக்குத் தெரியப்போகுது?"

ஒப்படைத்த நாள்

தேய்த்தேன். ஒரு மாதம், உள்ளங்கை தோலுரிய. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளிலேயே நல்ல வேலை அதுதான். நுனி முதல் அடிவரை ஒரே கறுப்பு. அம்மாள் வந்ததும் உண்மையைச் சொல்லாமலே கட்டையை நீட்டினேன். அந்த அம்மாள் கட்டையை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். விரல் அந்த இடத்துக்குப் போனது, சுற்றித் தேடியது, மறுபடி அங்கேயே வந்து நின்றது. கோபமே இல்லாமல் கேட்டார்: "நிறம் ரொம்ப அச்சா, பேட்டா. அவர் எங்கே?"

முப்பது வருஷம் ஒரு மனிதர் கன்னம் வைத்துச் சேர்த்த கறுப்பை ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் ஒரு கந்தல் துணியும் போக்கிவிடும் என்று கண்டுபிடித்த ஒரே தொழிலாளி, எனக்குத் தெரிந்து, டெல்லியில் நான்தான்.