ரோமர் குத்திய முத்திரை

எண்பதுகளின் கடைசியில், பழைய கார் ஒன்றை வாங்கிய துணிச்சலில், லண்டன் மனோர் பார்க்கிலிருந்து ஸ்கொட்லாந்தின் எடின்பரோவரைக்கும் போய்வரப் புறப்பட்டேன். அந்த நகரத்தின் நடுவே, எப்போதோ அணைந்துபோன எரிமலை ஒன்று இருக்கிறது. அதில் ஏறவேண்டும் என்பது என் ஆசை. வழியில் ரோமர்கள் தங்கள் எல்லையைக் காக்கக் கட்டிய கோட்டைகளையும் பார்க்கலாம். மனைவி வேலையைச் சாட்டித் தப்பிக்கொண்டு, தன் தம்பியை என் தலையில் கட்டிவிட்டாள்.

மச்சான் லண்டனுக்கு வந்து மூன்று வருடம். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. முடிவு வரும்வரை இங்கே இருக்கலாம் என்று சொல்லும் ஒற்றைக் கடிதந்தான் அவனுடைய பிடிமானம். அதற்கு ஏதும் நடந்தால் தன்னைக் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து செத்துக்கொண்டிருந்தான்.

"ஸ்கொட்லாந்துக்குள்ள போகேக்கை செக் பண்ணுவினமோ அத்தான்?"

"இல்லையடா. கடிதத்தை வீட்டில வைச்சிட்டு வா."

வைக்கவில்லை. பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். நான் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அது சரசரத்தது. வழி முழுக்க எனக்கு எரிச்சல்.

கோட்டை என்றால் எனக்குச் சரித்திரம். அவனுக்கு ஆமிக் காம்ப். காரை விட்டு இறங்கியவன், ஊரில் செக் பொயின்டைத் தாண்டுவதுபோல ஓரமாக, கைகள் வெளியே தெரிய நடந்தான். வாசலில் தலைக்கவசம், ஈட்டி, சிவப்புப் பாவாடையோடு ரோமச் சிப்பாய் வேடத்தில் ஒரு வெள்ளைக்காரர் குளிரில் முழங்கால் விறைக்க நின்றார். வருகிறவர்களின் வழிகாட்டித் தாளில் கழுகு முத்திரை குத்துவது அவர் வேலை.

நான் "டேய்" என்பதற்குள் மச்சான் கடிதத்தை இரண்டு கைகளாலும் நீட்டிவிட்டான். ரோமர் அதை வாசிக்கவே இல்லை. பேரரசுக்குள் வருக என்று கம்பீரமாகச் சொல்லி, டப்பென்று குத்தினார். அதிகாரியின் கையெழுத்துக்கு மேலேயே கழுகு சிறகை விரித்து நின்றது.

நான் தமிழில் ரோமரைத் திட்டினேன். பாராட்டுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, நல்ல மை, அழியாது என்றார்.

எடின்பரோ வரும்வரை அவன் கடிதத்தை மடியில் விரித்து மையை ஊதிக்கொண்டே வந்தான். ரோமப் படை இவனை முதலில் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வது? தூறலில் எரிமலை ஏறினோம். உச்சியில் குழியும் இல்லை, புகையும் இல்லை. புல்லும், என்னைப் பார்த்துக் குரைத்த ஒரு நாயுந்தான்.

"திங்கட்கிழமை லோயரிட்டப் போவம். வேற கடிதம் எடுக்கலாம்," என்றேன்.

"வேண்டாம் அத்தான்."

"விசரே உனக்கு? இதை ஒருத்தருக்கும் காட்ட ஏலாது."

அவன் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று கடிதத்தை விரித்துப் பார்த்தான்.

"மூண்டு வருசமா எத்தினை வாசலில நிண்டிட்டன். உள்ள வா எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. பகிடிக்கு எண்டாலும், இந்த மனுசன்தானே சொன்னவர்."